ஒன்பது நாள் விடுமுறையில் குழந்தை யாரிடம்?

அரையாண்டுத் தேர்வின் கடைசித் தாளை எழுதிவிட்டுப் பிள்ளைகள் பள்ளி வாசலைத் தாண்டும் அன்று மாலையே, வேலைக்குப் போகும் பெற்றோரின் வீடுகளில் ஒரு பேச்சு தொடங்கிவிடுகிறது. நாளைக்கு இவனை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? 2024இல் டிசம்பர் 23ஆம் தேதியோடு தேர்வு முடிந்தது. 24 முதல் ஜனவரி 1 வரை ஒன்பது நாள் விடுமுறை. அதில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, நடுவே வந்த சனி, ஞாயிறு என அரசு அலுவலகங்களுக்கு நான்கு நாள் விடுமுறை. மீதி ஐந்து நாள் பிள்ளை வீட்டில், பெற்றோர் அலுவலகத்தில்.

இது வாரத்தில் ஐந்து நாள் வேலை பார்க்கும் அரசு ஊழியர் வீட்டுக் கணக்கு. சனிக்கிழமையும் வேலைக்குப் போகிறவருக்கு அது ஆறு நாளாகும். ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டும் பெண்ணுக்குக் கணக்கே வேறு. கிறிஸ்துமஸில் தொடங்கிப் பொங்கல் வரை கடையில் கூட்டம் நெரியும் காலம் அது. வழக்கமான வார விடுப்பைக்கூடத் தள்ளி எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். பேக்கரி, மருத்துவமனை, உணவகம், பேருந்து, ரயில், வாடகை வண்டி என ஊரே விடுமுறையைக் கொண்டாடுவதற்காக வேலை பார்ப்பவர்கள் எல்லோருக்கும் ஆண்டின் கடைசி வாரம்தான் தலைக்கு மேல் வேலை இருக்கும் வாரம். அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இந்த நாட்களை ஒவ்வொரு வீடும் தனித்தனியாக, தன் சொந்தச் செலவில், எப்படியோ ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் அந்தப் பாரம் அம்மாவின் தலையில்தான். நன்றாகச் சமாளிக்கிறவளைக் கெட்டிக்காரி என்று பாராட்டுகிறோம். சமாளிக்க முடியாதவளிடம் “வேலையை விட்டுவிட்டால் என்ன?” என்று கேட்கிறோம். இது ஒரு பெண்ணின் சாமர்த்தியத்தால் தீர வேண்டிய விஷயம் அல்ல என்பதுதான் என் வாதம். பள்ளி நாட்காட்டியைத் தயாரிப்பதும் அரசு, தொழிலாளருக்கு எத்தனை நாள் விடுமுறை என்று சட்டம் போடுவதும் அரசு. இந்த இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாத இடத்தில் குழந்தை நிற்கிறது. அதற்கு யார் பொறுப்பு என்ற கேள்வி இதுவரை எந்தத் துறையின் மேசைக்கும் போகவில்லை.

கோடை விடுமுறையிலும் இதே சிக்கல் உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனால், கோடை வருவது முன்கூட்டியே தெரியும். ஒரு மாதத்துக்கு மேல் நீள்வதால் ஊரிலிருக்கும் தாத்தா பாட்டியிடம் அனுப்பலாம். நகரங்களில் நீச்சல் வகுப்பு, கோடை முகாம் என்று ஏதாவது இருக்கும். அரையாண்டு விடுமுறை அப்படியல்ல. ஊருக்கு அனுப்பிவைக்க அது போதாது. விடுப்பு எடுத்துச் சமாளிக்க அது மிக அதிகம். இந்த ஒரு வாரத்துக்காக யாரும் முகாம் நடத்துவதில்லை. நடத்தினாலும் காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை ஓவியம், கைவினை என்று முடித்துவிடுவார்கள். பத்து மணிக்குக் கொண்டுபோய் விடவும் பன்னிரண்டு மணிக்கு அழைத்துவரவும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் இருந்தால் முகாமே தேவைப்படாதே!

இன்னொன்றும் உண்டு. அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு. டிசம்பர் 31 தாண்டினால் மிச்சமிருப்பது காலாவதி. ஆகவே, விடுப்பு கைவசம் வைத்திருக்கும் எல்லோரும் கடைசி வாரத்தில்தான் விண்ணப்பத்தை நீட்டுகிறார்கள். பிள்ளை பெற்றவர்களின் கையிலோ அப்போது ஒன்றும் மிச்சமிருக்காது. ஜூலையில் பிள்ளைக்குக் காய்ச்சல், ஆகஸ்டில் பெற்றோர் கூட்டம், வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் அக்டோபர் முதல் மழை விடுமுறை. காலை ஆறு மணிக்கு ஆட்சியர் அறிவிப்பு தொலைக்காட்சியில் ஓடும். பள்ளிக்குத்தான் விடுமுறை, அம்மாவின் அலுவலகத்துக்கு இல்லை. இப்படி ஒவ்வொன்றாகக் கழிந்து, டிசம்பர் கடைசியில் விடுப்பு மிகத் தேவைப்படும்போது கணக்கில் பூஜ்யம் நிற்கும்.

பண்டிகையும் பணியும்

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இந்த வாரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதோடு முடிவதில்லை. டிசம்பர் பிறந்தாலே மாடியில் நட்சத்திரம் கட்ட வேண்டும், குடில் அமைக்க வேண்டும். இரவில் கேரல் ரவுண்ட்ஸ் வருகிறவர்களுக்காக விழித்திருக்க வேண்டும். சண்டே ஸ்கூல் விழாவில் பிள்ளைக்குத் தேவதை வேடம் என்றால் வெள்ளை கவுனும் ஜரிகைத் தாள் ஒட்டிய சிறகும் வீட்டில் ராத்திரியோடு ராத்திரியாகத் தயாராக வேண்டும். குமரி, நெல்லை மாவட்டத்து வீடுகளில் முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் இல்லாமல் பண்டிகை இல்லை. அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் தட்டு தட்டாகப் பலகாரம் போக வேண்டும். கத்தோலிக்கர் என்றால் நள்ளிரவுத் திருப்பலி, சி.எஸ்.ஐ. சபையினர் என்றால் விடிவதற்கு முன்பே ஆராதனை. இதெல்லாம் வேண்டாத சுமைகள் என்று சொல்ல வரவில்லை. பிள்ளைகளுக்கு வாழ்நாள் முழுவதும் நினைவில் நிற்கப்போவது இவைதான். அவற்றைச் செய்துதர நினைக்கும் தாய்க்கு நேரம் எங்கிருந்து வரும் என்பதே கேள்வி.

எனக்கு நன்றாகத் தெரிந்த செவிலியர் ஒருவர் இருக்கிறார். நாகர்கோவில் பக்கம் சொந்த ஊர், சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை. கணவர் சுற்றுலா வேன் ஓட்டுகிறார். சபரிமலை சீசனும் பள்ளி விடுமுறையும் சேர்ந்துகொள்ளும் டிசம்பரில்தான் அவருக்கு நாலு காசு பார்க்க முடியும். அந்த மாதத்தில் அவர் வீடு தங்குவது அபூர்வம். மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஆறு. ஒரு வருடம் டியூட்டி சார்ட் ஒட்டியபோது இவருக்கு 24ஆம் தேதி நைட். வார்டில் கூட வேலை பார்க்கும் ஒரு இந்துப் பெண்தான் முன்வந்து சொன்னார்: “அக்கா, 24 நைட்ட நான் பாத்துக்கிறேன். பொங்கலுக்கு எனக்காக நீங்க நில்லுங்க.” மருத்துவமனைகளில் இது ஆண்டாண்டு காலமாக நடந்துவருகிற ஏற்பாடு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ரம்ஜானுக்கும் கிறிஸ்துமஸுக்கும் செவிலியர்கள் இப்படித்தான் ஒருவர் பண்டிகையை இன்னொருவர் காப்பாற்றிக் கொடுக்கிறார்கள். இந்த நாட்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டிய விஷயங்களில் இதுவும் ஒன்று என்பேன்.

கிறிஸ்துமஸ் அப்படித் தப்பியது. 26ஆம் தேதி முதல் காலை ஷிஃப்ட். ஏழு மணிக்கு வார்டில் இருக்க வேண்டுமென்றால் ஆறு மணிக்கே வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும். சிலிண்டர் ரெகுலேட்டரை மூடினார். ஹாட்பாக்ஸில் இட்லி, தயிர்சாதம். மகளிடம் ஒரு பழைய போன். “அடுப்புப் பக்கம் போகக் கூடாது. யார் கூப்பிட்டாலும் கதவைத் திறக்கக் கூடாது. தம்பிய அடிக்கக் கூடாது.” பத்தரை மணி டீ நேரத்தில் ஒரு போன், மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஒரு போன். “அம்மா, தம்பி அழுறான், எப்ப வருவீங்க?” என்று மகள் கேட்கும்போது, ஐ.சி.யூ.வில் யாரோ ஒருவரின் மகளுக்கு இவர் தைரியம் சொல்லிக்கொண்டிருப்பார். அந்த ஐந்தாறு நாளும் அந்த வீட்டின் பொறுப்பு முழுவதும் ஒரு பத்து வயதுச் சிறுமியின் கையில் இருந்தது.

சக ஊழியரின் நல்ல மனதால் ஓர் இரவு கிடைத்தது. மீதி நாட்களுக்கு நல்ல மனது மட்டும் போதவில்லை.

ஆறு வயதோடு நின்றுவிடும் சட்டம்

உழைக்கும் தாயின் குழந்தையை நம் சட்டங்கள் மறந்துவிடவில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் முப்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் வேலை பார்க்கும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் ஊதியத்துடன் 26 வார விடுப்பு தந்தது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை குழந்தையைப் போய்ப் பார்க்கலாம் என்றது. தமிழ்நாட்டில் 50,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. நடைமுறையில் எத்தனை இடங்களில் காப்பகம் பெயரளவுக்கு ஓர் அறையாக நிற்கிறது என்பது தனியாக எழுத வேண்டிய கதை. ஆனாலும் சட்டம் இருக்கிறது, கேட்க இடம் இருக்கிறது.

இந்த ஏற்பாடுகள் எல்லாமே ஆறு வயதோடு முடிந்துவிடுகின்றன. அதன் பிறகு பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும் என்பது கணக்கு. பள்ளிக்கூடம் மூடியிருக்கும் நாட்களில்? சட்டத்தில் பதில் இல்லை. ஆறு வயது ஒரு மாதம் ஆன குழந்தை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று நாம் எல்லோரும் சேர்ந்து நம்பிக்கொண்டிருக்கிறோம்.

சொல்லப்போனால், விடுமுறையை வெளிப்படையாகக் குறிப்பிடும் ஒரு சட்டம் இருக்கிறது. அது குழந்தைத் தொழிலாளர் சட்டம். 2016இல் செய்யப்பட்ட திருத்தம், 14 வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைப்பதை முற்றாகத் தடை செய்துவிட்டு, பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறை நாட்களிலும் குடும்பத்துக்கும் குடும்பத் தொழிலுக்கும் குழந்தை ஒத்தாசை செய்யலாம் என்று விலக்கு தந்தது. விடுமுறையில் குழந்தை வேலை செய்யலாம் என்பதை எழுதிவைக்க நினைவிருந்தவர்களுக்கு, விடுமுறையில் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்பதை எழுதிவைக்கத் தோன்றவில்லை. இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனது ஆறுவதில்லை. ஏனென்றால், அரையாண்டு விடுமுறையில் எந்தக் குடியிருப்புக்குப் போய்ப் பார்த்தாலும் வீட்டுவேலைக்குப் போகும் அம்மாவோடு பாத்திரம் கழுவப் போகும் பன்னிரண்டு வயதுப் பெண்ணைப் பார்க்கலாம். இடுப்பில் தம்பியைச் சுமந்துகொண்டு தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும் மூத்த மகளைப் பார்க்கலாம். இந்த ஒன்பது நாளின் பாரத்தை அம்மாவுக்கு அடுத்தபடியாகச் சுமப்பவர்கள் அவர்கள்தான். தம்பிகளுக்கு அது விடுமுறை, அக்காக்களுக்கு இல்லை.

பாட்டிமார்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். “ஆச்சிகிட்ட விட்டுட்டு வா” என்பது நமக்குச் சட்டென்று வாயில் வரும் பதில். எழுபது வயதில் முழங்கால் வலியோடு இரண்டு பிள்ளைகளின் பின்னால் ஓடச் சொல்கிறோம். பல வீடுகளில் ஆச்சியும் வேலைக்குத்தான் போகிறார். ஊரில் இருக்கிறார் என்றால் கன்னியாகுமரி, நெல்லை, முத்துநகர் எக்ஸ்பிரஸ்களில் கிறிஸ்துமஸ் வார டிக்கெட் கிடைக்க வேண்டும். 60 நாளுக்கு முன்பு முன்பதிவு திறந்த சில நிமிடங்களில் காத்திருப்புப் பட்டியல் வந்துவிடுகிறது.

வீட்டிலிருந்தே வேலை செய்பவர்களுக்கு என்ன கவலை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் அமெரிக்க, ஐரோப்பிய வாடிக்கையாளர்கள் கிறிஸ்துமஸ் விடுமுறையில் போகும்போது, அங்கே ஏதாவது பழுதானால் பார்த்துக்கொள்ள இங்கே ஆட்களை முறை வைத்து நிறுத்துகிறார்கள். கணினியின் முன்னால் அம்மா உட்கார்ந்திருக்கிறாள், கதவுக்கு வெளியே பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. ஒரே கூரையின் கீழ் இருப்பதும் பார்த்துக்கொள்வதும் ஒன்றல்ல.

அப்பாக்கள் எங்கே என்ற கேள்விக்கு மத்திய அரசின் புள்ளிவிவரமே பதில் சொல்கிறது. 2024ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 289 நிமிடம். ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். “பிள்ளைக்கு லீவு, நான் நாளைக்கு வர மாட்டேன்” என்று மேலாளரிடம் ஒரு தந்தை சொன்னால், “ஏன், வீட்டில் அவங்க இல்லையா?” என்ற கேள்விதான் வரும். அந்தக் கேள்விக்கு அஞ்சியே கேட்காமல் விடும் அப்பாக்களையும் நான் அறிவேன். கேட்டுவிட வேண்டும் என்பதுதான் அவர்களுக்கு நான் சொல்வது. இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு நாள் எடுத்தால் நான்கு நாள் கழிந்துவிடும். விடுப்புக் கேட்கும் அப்பாக்களின் எண்ணிக்கை கூடினால்தான் மேலாளர்களின் கேள்வியும் மாறும்.

செய்யக் கூடியதுதான்

உலகில் யாரும் செய்யாததை இங்கே கேட்கவில்லை. ஸ்வீடனில் 6 முதல் 13 வயது வரையிலான பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்துக்கு முன்னும் பின்னும், பள்ளி விடுமுறை நாட்களிலும், வேலைக்குப் போகும் பெற்றோருக்காகப் பராமரிப்பு மையம் நடத்துவது உள்ளாட்சியின் கடமை. இங்கிலாந்தில் 2006ஆம் ஆண்டுச் சட்டம், வேலை பார்க்கும் பெற்றோரின் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கு, இயன்றவரை போதுமான பராமரிப்பு இடங்களுக்கு வழி செய்யும் பொறுப்பை உள்ளாட்சிகளிடம் தந்திருக்கிறது. குடும்பப் பொறுப்புள்ள தொழிலாளர்களுக்காகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1981இல் கொண்டுவந்த 156ஆம் உடன்படிக்கையை இந்தியா இன்றுவரை ஏற்கவில்லை.

தமிழ்நாட்டுக்கு ஸ்வீடனைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டிய அவசியம்கூட இல்லை. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் இந்த மாநிலத்தில்தான் இருக்கிறார்கள். அவர்கள் வேலைக்குப் போகப் பேருந்தில் கட்டணம் வாங்குவதில்லை என்று 2021இல் முடிவெடுத்த மாநிலம் இது. அதே ஆண்டில்தான் கடைகளில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்ப்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டது. ‘இதுக்கெல்லாமா சட்டம்?’ என்று அப்போதும் கேட்டார்கள். 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்திலும், விடிவதற்குள் வேலைக்குக் கிளம்பும் பெற்றோரின் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வகுப்பில் உட்காரக் கூடாது என்ற அக்கறை இருந்தது. பள்ளி மூடியிருக்கும் ஒன்பது நாளும் அந்தக் காலை உணவு இல்லை, மதிய உணவும் இல்லை. அந்தப் பிள்ளைகளின் பசிக்கு அரையாண்டு விடுமுறை தெரியுமா?

கட்டடம் இருக்கிறது, சமையற்கூடம் இருக்கிறது. 2021இல் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தில், அந்தந்தத் தெருப் பிள்ளைகளை மாலை நேரத்தில் கூட்டி உட்காரவைத்துப் பாடமும் கதையும் விளையாட்டும் சொல்லித்தந்து பழகிய பெண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஒன்றியத்துக்குச் சில பள்ளிகள், மாநகராட்சி வார்டுக்கு ஒரு பள்ளி என்று தேர்ந்தெடுத்து, விடுமுறையில் காலை எட்டு மணி முதல் மாலை ஆறு மணி வரை திறந்துவைத்தால் போதும். சிறப்பு வகுப்பு நடத்தக் கூடாது. கதைப் புத்தகம், கேரம், பந்து, இரண்டு வேளை சாப்பாடு, பொறுப்பான பெரியவர் இருவர். இவ்வளவுதான் வேண்டும். ஆசிரியர்களை இதற்கு இழுக்கவும் கூடாது. அவர்களும் பெற்றோர்தான், அவர்களுக்கு அந்த ஒன்பது நாள் வேண்டும். தன்னார்வலர்களுக்குக் கொடுத்த மாதம் 1,000 ரூபாய் போன்ற தொகையில் இதை நடத்தப் பார்ப்பதும் நியாயமாகாது. பத்து மணி நேர வேலைக்கு முழு நாள் கூலி தர வேண்டும். தாய்மார்களின் சுமையை இறக்கிவைப்பதற்காக இன்னொரு பெண்ணின் உழைப்பை மலிவாக வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

நிறுவனங்கள் செய்ய வேண்டியது இதைவிட எளிது. தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டின் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் நான்கு தேசிய விடுமுறைகளோடு ஐந்து பண்டிகை விடுமுறைகளையும் உறுதி செய்கிறது. விடுமுறை நாளில் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோடு மாற்று நாள் விடுப்பு தர வேண்டும். அந்த உரிமை உண்டு என்பதே தெரியாமல் எத்தனையோ பேர் கிறிஸ்துமஸ் அன்று கடையில் நிற்கிறார்கள். டிசம்பர் டியூட்டி சார்ட்டை நவம்பர் முதல் வாரத்திலேயே ஒட்டிவிடுவதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவாகாது. பள்ளி செல்லும் பிள்ளை உள்ளவர்களுக்கு அந்த வாரத்தில் ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள முன்னுரிமை, கிறிஸ்தவ ஊழியருக்கு 24ஆம் தேதி இரவு வேலை கிடையாது என்ற விதி, பிள்ளை இல்லாதவர்களுக்கு அதற்கு ஈடாகப் பொங்கலிலோ தீபாவளியிலோ முதல் உரிமை என்று எழுதிவைத்துவிட்டால், யாரும் யாரிடமும் போய்த் தயவு கேட்டு நிற்க வேண்டியிருக்காது.

பள்ளிக் கல்வித் துறைக்கும் தொழிலாளர் நலத் துறைக்கும் ஒரு வேண்டுகோள். இரு துறை அதிகாரிகளும் அரையாண்டு அட்டவணை வெளியாவதற்கு முன்பு ஒருமுறை ஒரே மேசையில் உட்காருங்கள். விடுமுறை எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று அறிவிக்கும் அதே அறிக்கையில், அந்த நாட்களில் பிள்ளைகளுக்காகத் திறந்திருக்கும் பள்ளிகளின் பட்டியலையும் சேர்த்து வெளியிடுங்கள். முதல் ஆண்டில் எல்லா மாவட்டங்களிலும் முடியாவிட்டால், பெண் தொழிலாளர்கள் அதிகமுள்ள திருப்பூர், கோவை, காஞ்சிபுரம், சென்னை மாவட்டங்களிலிருந்தாவது தொடங்குங்கள்.